சி/ஈ என்று போட்டிருந்தால் எந்தக் கையில் எதை வாசிப்பது?

சர்ச்சில் கீபோர்டு வாசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். இணையத்தில் எடுத்த கார்டு ஷீட்டில் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகள், ஷீட்டில் அவற்றின் பெயர்கள் இருக்கும்) ஜி/பி, சி/ஈ, எஃப்/ஜி என்று சாய்கோடு போட்ட கார்டுகள், அதாவது ஸ்லாஷ் கார்டுகள், வருகின்றன. இரண்டு கார்டையும் சேர்த்து வாசிக்க வேண்டுமா, இல்லை இரண்டில் ஏதாவது ஒன்றை வாசித்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். கூடவே போகிற போக்கில், "கோட்டுக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டு வாசித்தாலும் பாட்டோடு ஒத்துத்தான் போகிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் நிஜமான சந்தேகம் அங்கேதான் இருப்பதாகப் படுகிறது: விட்டாலும் ஒத்துப்போகிற ஒன்றை எதற்கு மெனக்கெட்டு எழுதி வைக்கிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. கோட்டுக்கு முன்னால் இருப்பது கார்டு, பின்னால் இருப்பது கார்டே இல்லை, ஒற்றை நோட். அந்த நோட் பேஸில் இருக்க வேண்டும், அதாவது அந்த நேரத்தில் ஒலிக்கிற எல்லா நோட்டுகளிலும் அதுதான் தாழ்ந்ததாக இருக்க வேண்டும். சி/ஈ என்றால் சி மேஜர் கார்டு, அடியில் ஈ. ஜி/பி என்றால் ஜி மேஜர், அடியில் பி. பியானோவில் வழக்கமாக இடது கை அந்த ஒற்றை நோட்டை வாசிக்கும், வலது கை கார்டைப் பிடிக்கும். இதில் எந்த மாற்றுக் கருத்தும் கிடையாது, யாரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

இதில் என்னிடம் படிக்க வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இன்வெர்ஷன், அதாவது கார்டின் நோட்டுகளை வரிசை மாற்றிப் பிடிக்கும் விஷயத்தில். சி/ஈ பார்த்தவுடன் வலது கையில் ஈ-ஜி-சி என்று பிடித்துவிட்டு, இடது கையில் பழக்கதோஷத்தில் சி-யைத் தட்டுகிறார்கள். அது சி/ஈ ஆகாது, வெறும் சி-தான். வலது கை எந்த வரிசையில் பிடிக்கிறது என்பதற்கும் ஸ்லாஷுக்கும் சம்பந்தமே இல்லை. சி-ஈ-ஜி என்று பிடியுங்கள், ஜி-சி-ஈ என்று பிடியுங்கள், மொத்தத்தில் அடியில் ஈ இருந்தால் அது சி/ஈ. கீழே இருக்கும் அந்த ஒரு கட்டைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சரி, எதற்காக எழுதுகிறார்கள்? ஸ்லாஷ் கார்டை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது, ஒரு வரியில் அடுத்தடுத்து வரும் பேஸ் நோட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வாசித்துப் பாருங்கள். சி, ஜி/பி, ஏ மைனர், ஏ மைனர்/ஜி, எஃப், சி/ஈ, டி மைனர், ஜி என்று ஒரு வரி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள் (நீங்கள் வாசிக்கும் பாட்டுகளில் இதன் ஏதாவது ஒரு துண்டு கட்டாயம் வந்திருக்கும்). இதன் பேஸ் சி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி என்று ஒரு படி கூடத் தாண்டாமல் ஸ்கேலிலேயே இறங்கி வருகிறது, கடைசியில் ஜி-க்கு ஒரு தாவல், அவ்வளவுதான். ஸ்லாஷை விட்டுவிட்டால் அதே வரியின் பேஸ் சி, ஜி, ஏ, ஏ, எஃப், சி, டி, ஜி என்று அங்கும் இங்கும் குதிக்கிறது. தவறான நோட் ஒன்றுகூட இல்லை, அதனால்தான் உங்களுக்கு ஒத்துப்போவதாகக் கேட்கிறது. அடியில் ஒரு இரண்டாவது மெட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது மட்டும் காணாமல் போய்விட்டது. பாடுகிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தட்டையாக இருக்கிறது என்று சொல்வார்கள்.

இதைக் கையாலேயே உணர ஒரு நல்ல இடம், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய சி மேஜர் பிரிலூட், 1722 என்று தேதியிட்ட வெல்-டெம்பர்ட் கிளாவியர் முதல் தொகுதியின் முதல் உருப்படி. பியானோ கற்கிற பலருக்கும் அது ஏதோ ஒரு கட்டத்தில் கைக்கு வரும். அதன் முதல் 11 பாரை (பார் என்றால் நோட்டேஷனில் ஒரு தாளக் கட்டம்) இன்றைய கார்டு பாஷையில் எழுதினால் இப்படி வரும்: சி, டி மைனர் செவன்/சி, ஜி செவன்/பி, சி, ஏ மைனர்/சி, டி செவன்/சி, ஜி/பி, சி மேஜர் செவன்/பி, ஏ மைனர் செவன், டி செவன், ஜி. பதினொன்றில் ஆறு ஸ்லாஷ் கார்டு. முதல் நான்கு பாரை மட்டும் பேஸில் ரூட் நோட்டாகவே (கார்டுக்குப் பெயர் தரும் நோட்) போட்டு, அதாவது சி, டி, ஜி, சி என்று அடியில் வைத்து வாசியுங்கள். பிறகு எழுதியிருக்கிறபடி சி, சி, பி, சி என்று வாசியுங்கள். கார்டுகள் அதேதான், ஆனால் இரண்டாவது முறை பேஸ் இருந்த இடத்திலேயே லேசாக அரைப் படி இறங்கி ஏறுகிறது, அதன் மேலே மற்ற நோட்டுகள் நகர்வது அப்போதுதான் காதில் விழுகிறது. அந்த அமைதி முழுக்க பேஸிலிருந்து வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

பாக் ஸ்லாஷ் எதுவும் எழுதவில்லை, அந்தக் குறியீடே அப்போது கிடையாது. அன்று உடன் வாசிப்பவர்களுக்கு பேஸ் வரியை எழுதி, அதன் கீழே எண்களைப் போட்டுக் கொடுப்பார்கள். ஈ எழுதி 6 என்று போட்டிருந்தால் அது இன்றைய சி/ஈ, ஜி எழுதி 6-4 என்று போட்டிருந்தால் சி/ஜி. பேஸ்தான் முதலில், கார்டு அதிலிருந்து வரும். இன்றைய கார்டு ஷீட் கார்டின் பெயரிலிருந்து தொடங்குகிறது, ஸ்லாஷ் போடாத இடமெல்லாம் பேஸ் ரூட் நோட்டாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்துக்கொள்ள முடியாத இடங்களில்தான் சாய்கோடு.

இப்போது வாசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் உண்மையான தப்புகள் நடக்கின்றன. இடது கையில் ரூட், அதிலிருந்து ஐந்தாவது நோட், ஆக்டேவ் (அதே ரூட் அடுத்த ஸ்தாயியில்) என்று ஒரு வடிவத்தை எல்லோரும் பழகிவைத்திருப்போம், சி கார்டுக்கு சி-ஜி-சி. அதே கை வடிவத்தை அப்படியே நகர்த்தி சி/ஈ-க்கு ஈ-பி-ஈ என்று வாசித்தால் கார்டில் இல்லாத பி உள்ளே வந்து மேலே இருக்கும் சி-யோடு உரசும். ஜி/பி-யில் இன்னும் மோசம், பி-க்கு ஐந்தாவது எஃப் ஷார்ப், அது சி ஸ்கேலிலேயே கிடையாது, கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பேஸ் நோட்டுக்கு மேலே அதன் ஐந்தாவதை வைப்பது ரூட் பேஸுக்கு மட்டுமே பொருந்துகிற பழக்கம். ஸ்லாஷ் வந்தால் இடது கையில் ஒற்றை நோட், அல்லது அதே நோட்டின் ஆக்டேவ், இரண்டில் ஒன்றோடு நிறுத்துங்கள். கொஞ்சம் நிரப்ப வேண்டும் என்றால் கார்டில் உள்ள நோட்டையே எடுங்கள், சி/ஈ-க்கு ஈ-யும் மேலே சி-யும். அதையும் ரொம்பக் கீழே கொண்டுபோகாதீர்கள். நடு சி-யிலிருந்து ஓர் ஆக்டேவுக்கும் கீழே போய் இரண்டு நோட்டை நெருக்கமாக வைத்தால் எவ்வளவு சரியான நோட்டாக இருந்தாலும் கலங்கலாகத்தான் கேட்கும்.

இன்னொரு பழக்கம், பேஸில் இருக்கும் நோட்டை வலது கையிலும் அழுத்திச் சொல்வது. ஜி/பி-யில் பி அடியில் இருக்கிறது, அதுவே நன்றாகக் கேட்கும், வலது கையிலும் பி வைத்தால் அந்த ஒரு நோட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பாரம்பரிய ஹார்மனி பாடத்தில் மேஜர் கார்டின் மூன்றாவது நோட் பேஸில் இருக்கும்போது அதை மேலே இரட்டிக்காதே என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள், அதிலும் பி போல அடுத்த சி-க்கு இழுக்கிற நோட்டை இரட்டிக்கவே கூடாது என்பார்கள். நான் இதைச் சட்டமாகச் சொல்ல மாட்டேன். கிடார் அடிப்பவர் யாரும் இதைப் பார்ப்பதில்லை, வேகமான பாட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியப் போவதுமில்லை. ஆனால் மெதுவான பாட்டில், பியானோ மட்டும் தனியாக வாசிக்கும்போது, அந்த நோட்டை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், உங்கள் காதே சொல்லிவிடும்.

மேலே சொன்ன இறங்கு வரிசைக்கு நான் கொடுக்கும் வலது கை இதுதான்: சி-க்கு ஈ-ஜி-சி, ஜி/பி-க்கு டி-ஜி இரண்டு நோட் மட்டும், ஏ மைனருக்கு சி-ஈ-ஏ, ஏ மைனர்/ஜி-க்கு அதையே பிடித்தபடி விட்டுவிடுங்கள், எஃப்-க்கு சி-எஃப்-ஏ, சி/ஈ-க்கு சி-ஜி இரண்டு மட்டும், டி மைனருக்கு டி-எஃப்-ஏ, ஜி-க்கு டி-ஜி-பி, அங்கிருந்து மறுபடி ஈ-ஜி-சி. வலது கை நடு சி-யை ஒட்டி ஒரே இடத்தில் இருக்கும், விரல்கள்தான் கொஞ்சம் நகரும். இடது கை ஒற்றை நோட்டாக, நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே இருக்கும் சி-யிலிருந்து இறங்கட்டும். முதலில் இடது கையை மட்டும் பல தடவை வாசித்து, அதைப் பாடவும் செய்யுங்கள். இடது கை ஒரு மெட்டாக மனதில் உட்கார்ந்த பிறகு வலது கையைச் சேர்த்தால் போதும். சி-யில் சரளமானதும் ஜி ஸ்கேலுக்கு மாற்றுங்கள்: ஜி, டி/எஃப் ஷார்ப், ஈ மைனர், ஈ மைனர்/டி, சி, ஜி/பி, ஏ மைனர், டி. சர்ச் பாட்டுகளில் ஜி ஸ்கேல் நிறைய வருவதால் உங்களுக்கு இதுதான் அதிகம் உதவும்.

எஃப்/ஜி மட்டும் தனி ஜாதி. இதுவரை பார்த்ததில் பேஸ் நோட் பெரும்பாலும் அந்தக் கார்டிலேயே உள்ள நோட். எஃப் மேஜரில் இருப்பது எஃப், ஏ, சி. ஜி அதில் இல்லை. இங்கே பெயர் எஃப் என்று தொடங்கினாலும் வேலை செய்வது ஜி. ஜி-யை அடியில் வைத்து எண்ணினால் எஃப் ஏழாவது, ஏ ஒன்பதாவது, சி நான்காவது (மேலே எண்ணினால் பதினொன்றாவது), ஆக இது ஜி நைன் சஸ் ஃபோர் (சஸ் ஃபோர் என்றால் கார்டின் மூன்றாவது நோட்டுக்குப் பதில் நான்காவது). சிலர் ஜி லெவன் என்று எழுதுவார்கள், சிலர் டி மைனர் செவன்/ஜி என்று எழுதுவார்கள், பின்னதில் டி ஒன்று கூடுதல், மற்றபடி கேட்கும் நிறம் ஏறக்குறைய ஒன்றே. ஜி செவனில் பி இருக்கும், அது சி-க்குப் போ போ என்று நெருக்கும். எஃப்/ஜி-யில் பி இல்லாததால் அதே சி-க்கு இதமாகக் கொண்டுபோய் விடுகிறது. இந்த இடத்தில் ஸ்லாஷை விட்டுவிட்டு எஃப் மட்டும் வாசித்தால் ஒத்துப்போகும் என்று நான் சொல்ல மாட்டேன். மெட்டோடு மோதாமல் இருக்கலாம், ஆனால் ஜி-யின் இழுப்பு போய்விடும், பல்லவிக்குத் திரும்பும் இடம் தொய்ந்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வாசிக்க முடியும் என்ற நெருக்கடி வந்தால் இங்கே எஃப்-ஐ விட்டு ஜி-யை வாசிப்பது மேல். மற்ற ஸ்கேல்களுக்கு ஒரு குறுக்குவழி: பேஸ் நோட்டிலிருந்து ஒரு முழு டோன் கீழே இருக்கும் மேஜர் கார்டை மேலே வையுங்கள். டி ஸ்கேலில் ஜி/ஏ, ஜி ஸ்கேலில் சி/டி, எஃப் ஸ்கேலில் பி ஃப்ளாட்/சி.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு, அதில் பேஸ் நகரவே நகராது. சி, எஃப்/சி, ஜி/சி, சி என்று வந்தால் அடியில் சி நின்றுகொண்டே இருக்கிறது, மேலே கார்டுகள் மாறிக்கொண்டிருக்கின்றன. மேற்கத்திய இசையில் இதற்குப் பெடல் பாயிண்ட் என்று பெயர், ஆர்கனில் காலால் ஒரு நோட்டை மிதித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்திலிருந்து வந்தது. தம்புராவில் ஷட்ஜம் ஓடிக்கொண்டிருக்க மேலே பாடுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதே இல்லை, ஜி/சி-யில் பி-யும் சி-யும் உரசுவது நம் ஆட்களுக்கு அவ்வளவாக உறுத்துவதில்லை என்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். மேலே சொன்ன பிரிலூடில் 24-ஆம் பாரிலிருந்து 31 வரை பேஸ் ஜி-யிலேயே நிற்கும், கடைசி நான்கு பாரும் சி-யில் நிற்கும். (சில பழைய பதிப்புகளில் நடுவே ஒரு பார் கூடுதலாகச் செருகியிருப்பார்கள், அந்தப் புத்தகம் உங்களிடம் இருந்தால் எண் ஒன்று தள்ளிப்போகும்.)

சி/ஜி-யைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஐந்தாவது நோட் பேஸில் வரும் இந்த வகை உட்கார இடமில்லாமல் நிற்பது போன்றது. ஒரு பாட்டை சி/ஜி-யில் முடித்துப் பாருங்கள், முடிந்த மாதிரியே இருக்காது. அதனால்தான் முடிவுக்கு முந்தைய இடத்தில் சி/ஜி, ஜி, சி என்று அடிக்கடி வரும். முதல் இரண்டிலும் பேஸ் ஜி-யிலேயே நின்று, சி-க்கு வந்து சேர்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானவை. இனி உறுதியில்லாதவை. ஒரு ஸ்லாஷ் கார்டை மட்டும் தனியாகக் காட்டி இது என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. டி/சி என்று ஒன்று வருகிறது. அடுத்து ஜி/பி வந்தால் அது டி செவன், சி அதன் ஏழாவது நோட், பி-க்கு இறங்கப் போகிறது. அடுத்து சாதாரண சி வந்து பேஸ் அசையாமல் இருந்தால் அதே டி/சி வெறும் நிறம், எஃப் ஷார்ப் ஒரு மின்னல் அடித்துவிட்டுப் போகிறது. ஏ மைனர்/ஜி-யும் சி சிக்ஸ்/ஜி-யும் ஒரே நான்கு நோட்டுகள்தான், எந்தப் பெயர் சரி என்பது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது, சில இடங்களில் இரண்டுமே சரி. இதற்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், விரல் பிடிக்கப்போவது அதே கட்டைகளைத்தான்.

அதைவிடப் பெரிய சந்தேகம் நீங்கள் வைத்திருக்கும் ஷீட்டின் மேல்தான். இணையத்தில் கிடைப்பவற்றில் பல யாரோ கிடாரில் கேட்டு எழுதியவை. கிடாரில் கை வாகாக இருப்பதால் சி/ஜி என்று எழுதியிருப்பார்கள், ஒரிஜினல் பதிவில் பேஸ் சி-யாகவே இருக்கும். எதிர்ப்பக்கமும் நடக்கும், பதிவில் அழகாக இறங்கும் பேஸ் ஷீட்டில் வெறும் ஜி என்று கிடக்கும். நீங்கள் எந்தப் பாட்டென்று சொல்லாததால் உங்கள் ஷீட் சரியா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே பார்த்துவிடலாம்: ஹெட்ஃபோன் போட்டு பேஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து வாயால் முனகி, முனகிய நோட்டைக் கட்டையில் தேடுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது, அதில் முயற்சி செய்ய வேண்டாம்.

குழப்பாமல் இருக்க இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சாய்கோடெல்லாம் ஸ்லாஷ் கார்டு இல்லை. சி 6/9 என்றால் சி கார்டில் ஆறாவதும் ஒன்பதாவதும் சேர்க்க வேண்டும் என்று பொருள், பேஸ் சி-தான். ஸ்டாஃபின் (நோட்டுகளை எழுதும் ஐந்து கோடுகளின்) மேல் எழுத்தே இல்லாமல் வெறும் சாய்கோடுகள் வரிசையாக வந்தால் அவை தாள எண்ணிக்கை, அதே கார்டை உங்கள் பாணியில் தொடருங்கள் என்று அர்த்தம். ஒரு கார்டின் கீழே படுக்கைக் கோடு போட்டு இன்னொரு கார்டு எழுதியிருந்தால்தான் நீங்கள் முதலில் நினைத்தது போல இரண்டு கார்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும், அதற்குப் பாலிகார்டு என்று பெயர், சர்ச் பாட்டில் அது வர வாய்ப்பு மிகக் குறைவு.

அப்புறம் உங்கள் குழுவில் பேஸ் கிடார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்லாஷுக்குப் பின்னால் உள்ள நோட் முதலில் அவருடைய வேலை. நீங்கள் கீழே போய் அதே இடத்தில் தட்டினால் இருவரும் ஒருவரை ஒருவர் மறைப்பீர்கள், இடது கையை நடுப்பகுதிக்கு ஏற்றிவிட்டுக் கார்டை மட்டும் விரித்து வாசித்தால் போதும். ஆனால் அவரும் அதே ஷீட்டைத்தான் பார்க்கிறாரா என்று ஒத்திகையில் கேட்டுவிடுங்கள். நீங்கள் பி என்று நினைத்து அவர் ஜி வாசித்தால் அங்கே ஸ்லாஷ் கார்டே இல்லை.

நீங்கள் வாசிப்பது ஸ்டைல் (தாளத்தையும் பேஸையும் தானாக வாசிக்கும் வசதி) ஓடும் கீபோர்டு என்றால் கடைசியாக ஒன்று. யமஹா கீபோர்டுகளில் கார்டு ஃபிங்கரிங் 'ஃபிங்கர்டு' என்று இருக்கும்போது இடது கையில் நீங்கள் ஈ-ஜி-சி என்று ஈ-யை அடியில் வைத்துப் பிடித்தாலும் ஸ்டைலின் பேஸ் சி-யைத்தான் வாசிக்கும், அது எப்போதும் ரூட்டையே எடுத்துக்கொள்ளும். மெனுவில் 'ஃபிங்கர்டு ஆன் பேஸ்' என்று மாற்றினால் இடது பகுதியில் பிடித்த நோட்டுகளில் மிகத் தாழ்ந்தது பேஸாக வரும், திரையிலும் சி/ஈ என்று காட்டும். எல்லா மாடலிலும் இந்த வசதி இருக்காது, விலை குறைந்தவற்றில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். இருந்தால் இன்வெர்ஷனைப் பார்த்துப் பிடிக்கப் பழகுங்கள், ஏனென்றால் அந்த மோடில் சும்மா கை வாகுக்காக ஏ-சி-எஃப் என்று பிடித்தால்கூட அது எஃப்/ஏ என்றே எடுத்துக்கொண்டு பேஸை ஏ-யில் வைத்துவிடும்.